இல்லத்துக் கம்பியில்லா வலையிற் பிழை காணும் முறை

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் பெருந்தொற்றின் பொருட்டு இலங்கையிற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, வகுப்பறை வீட்டினுட் புகுந்தது. அதுகாறும் பொழுதுபோக்குக்கு உதவுவதொன்றாகவே பலராலும் கருதப்பட்ட கம்பியில்லா இணைப்பு, அன்று தொட்டுக் கரும்பலகைக்கும் பாடப்புத்தகத்துக்கும் ஒப்பான இடத்தைப் பெற்றது. பாடசாலைகள் மீளத் திறந்த பின்னரும் அந்நிலை முற்றாக மாறிவிடவில்லை. பல்கலைக்கழக அனுமதிக்கான விண்ணப்பம், பரீட்சைப் பெறுபேறு முதலியன இணையத்தின் வழியே நடைபெறுகின்றன. விண்ணப்பத்துக்கு இறுதி நாள் என ஒன்றும் உண்டு. அத்தகைய நாளொன்றின் மாலையில் மடிக்கணினித் திரையின் ஓரத்தில் 'இணையம் இல்லை' என்னும் குறி தோன்றுமாயின், வீட்டிலுள்ளோர் செய்வது பெரும்பாலும் ஒன்றே. கைக்கு எட்டிய பொத்தான்களை எல்லாம் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பர்.

அங்ஙனம் அழுத்தப்படுவனவற்றுட் பெருங்கேடு விளைப்பது, றவுட்டர் என மக்கள் வழங்கும் வழிப்படுத்தியின் பின்புறத்தே, குண்டூசி நுழையுமளவான துளையினுள் ஒளிந்திருக்கும் பொத்தானாகும். வழிப்படுத்தியாவது, வெளியிலிருந்து வரும் ஒரே இணைப்பை வீட்டிலுள்ள பல கருவிகளுக்கும் பகிர்ந்தளிக்கும் சிறு பெட்டி. அதன் மின்னாளியை அணைத்து, ஒரு நிமிடம் பொறுத்து மீள இயக்குவதற்கும், அத்துளைப் பொத்தானை அழுத்திப் பிடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அறியாதார் பலர். முன்னையது பெட்டியின் தற்காலிக நினைவைத் துடைத்து, அதனைப் புதிதாகத் தொடங்கச் செய்வது, தீங்கற்றது, பல வேளைகளிற் பயன் தருவதுமாம். பின்னையதோ, தொழிற்சாலையிலிருந்து புறப்பட்ட நாளின் நிலைக்கே அதனை மீட்டுச் செல்வது. வீட்டார் இட்ட வலைப்பெயரும் கடவுச்சொல்லும் அழியும். பல இணைப்புகளில் இணைய நிறுவனம் கொடுத்த பயனர் பெயர் முதலிய அமைப்புகளும் உடன் அழியும். அதன்பின், ஒரு மடிக்கணினிக்கு மட்டும் இருந்த குறை அவ்வீட்டிலுள்ள கருவிகள் அனைத்துக்கும் பொதுவாகிவிடும்.

மடிக்கணினியிலிருந்து தொலைவிலுள்ள ஓர் இணையத்தளம் வரையுள்ள தொடர்பு, பல கண்ணிகள் கோத்த சங்கிலியாகும். கணினியினுள் இருக்கும் வானொலிக் கருவி, இடைப்பட்ட வெளி, வழிப்படுத்தியின் ஒப்புதல், முகவரி வழங்கல், வீட்டுக்கு வெளியே செல்லும் இணைப்பு, பெயரை முகவரியாக மாற்றும் ஏற்பாடு ஆகிய இவற்றுள் யாதொன்று அறுந்தாலும் திரையிற் காணும் விளைவு ஏறத்தாழ ஒன்றே. வேண்டிய பக்கம் திறவாது. விளைவு ஒன்றாகவும் காரணம் பலவாகவும் இருத்தலின், விளைவைக் கண்டவுடன் காரணத்தைத் துணிதல் இயலாது. எந்தக் கண்ணிவரை தொடர்பு அறாதுள்ளது என்பதை முதலில் அறிந்து, அதன்பின்னரே எதனையும் மாற்றுதல் வேண்டும். மாற்றுங்காலும் ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றிப் பார்த்தல் வேண்டும். ஐந்தை ஒருங்கே மாற்றியவருக்கு இணைப்பு மீண்டால், எதனால் மீண்டது என்பது தெரியாது. மீளாவிடின், புதிதாக எதனைக் கெடுத்தார் என்பதும் தெரியாது.

காட்சி, கருதல், உரை என அளவை நூலார் கூறும் மூன்றும் இவ்விடத்துப் பொருந்துவனவே. திரையில் தோன்றும் குறி உரையளவையின்பாற் படும். உரை கொள்ளத்தக்கதாவது உரைப்போரின் தகுதியைப் பொறுத்தன்றோ? விண்டோஸ் முறைமை 'இணையம் இல்லை' என்று சொல்லுமுன் செய்வது யாதெனின், தன்னை ஆக்கிய நிறுவனத்தின் கணினி ஒன்றில் உள்ள மிகச் சிறிய கோப்பொன்றைக் கேட்டுப் பார்ப்பதே. அக்கோப்பு வந்தால் இணையம் உண்டென்றும், வாராவிடின் இல்லையென்றும் அது துணிகின்றது. ஒரே சாட்சியின் வாய்மொழியை வைத்து வழங்கிய தீர்ப்பு அது. ஆதலின், இணையம் நன்கு இயங்கும்போதே இல்லையென்று குறி காட்டும் வேளைகளும் உண்டு. குறியைக் கண்டவுடன் கலங்காது, வேறு இரண்டொரு தளங்களைத் திறந்து பார்த்தல் முதற்கடன்.

அதன்பின் கேட்கத்தக்க வினா, பிழை மடிக்கணினியினதா, வீட்டினதா என்பது. 'கைத்தொலைபேசியில் எல்லாம் வருகிறதே' என்று உடனே விடை கூறுவோர் உளர். இவ்விடையில் ஒரு பெரும்பொறி உண்டு. இக்காலக் கைத்தொலைபேசிகள் பல, வீட்டு வலையில் இணையம் இல்லையென்று உணர்ந்தவுடன், உடையவர் அறியாமலே தொலைபேசி நிறுவனத்தின் டேட்டா வழிக்கு மாறிக்கொள்வன. ஆதலின் டேட்டாவை நிறுத்திவிட்டு, வைபை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டே தொலைபேசியைச் சோதித்தல் வேண்டும். அப்போதும் அதற்கு இணையம் கிடைக்குமாயின், வழிப்படுத்தியும் வெளி இணைப்பும் பெரும்பாலும் குற்றமற்றன எனக் கருதலாம். கிடையாவிடின், மடிக்கணினியைத் திறந்து வைத்து அதனோடு மல்லாடுதல் வீண் வேலை.

இச்சோதனையின் மறுபக்கமும் உண்டு. தொலைபேசியின் டேட்டாவை ஹொட்ஸ்பொட் மூலம் மடிக்கணினிக்குக் கொடுத்துப் பார்க்கலாம். அவ்வழியிற் கணினி இயங்குமாயின், அதன் வானொலிக் கருவி பழுதற்றது. குறை கணினிக்கும் வீட்டு வழிப்படுத்திக்கும் இடையிலுள்ள உறவிலேயே உள்ளது. கேபிள் ஒன்றினால் கணினியை வழிப்படுத்தியோடு நேரே தொடுத்து, அவ்வழியில் மட்டும் இணையம் வருமாயின், வானொலி வழியே ஐயத்துக்குரியது. ஐந்து நிமிடத்தில் முடியும் இவ்விரு சோதனைகளும், பின்னர் வீணாகும் ஐந்து மணித்தியாலத்தை மீதப்படுத்துவன.

குறை கணினியின்பாலது எனத் தெரிந்தால், மிக எளியவற்றை முதலில் நோக்குக. விமானப் பயண நிலை எனப்படும் தெரிவு தற்செயலாக அழுத்தப்பட்டிருக்கலாம். சில மடிக்கணினிகளில் வானொலியை நிறுத்தும் தனி ஆளியோ விசையோ உண்டு. அடுத்துக் கணினியை மீளத் தொடங்கச் செய்க. இவ்விடத்து ஒரு நுட்பம் உளது. 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8 தொட்டு, 'அணைத்தல்' என்னும் கட்டளை பல கணினிகளில் முழுமையான அணைத்தலன்று. அடுத்த முறை விரைந்து எழுவதற்காக, முறைமையின் உட்பகுதியை அப்படியே வட்டில் எழுதிவைத்துவிட்டு அது உறங்குகின்றது. எழும்போது பழைய குழப்பத்தோடேயே எழக்கூடும். 'மீளத் தொடக்கல்' என்னும் கட்டளையே அனைத்தையும் புதிதாக ஏற்றுவது. மூன்று முறை அணைத்துப் போட்டும் பயனில்லை என்று முறையிடுவோர், ஒருமுறையேனும் மீளத் தொடக்கினாரல்லர் என்பது பின்னரே தெரியவரும்.

வானொலிக் கருவியை ஆளும் இயக்கி மென்பொருளும் ஐயத்துக்குரியதே. முறைமை தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்ட மறுநாளிலிருந்து குறை தோன்றியதாயின், பழைய இயக்கிக்கு மீளும் வசதி விண்டோஸ் முறைமையின் சாதன மேலாளரில் உண்டு. சிறிது நேரம் வாளாவிருந்தபின் மட்டும் இணைப்பு அறுவதாயின், மின்கலத்தைச் சேமிக்கும் பொருட்டு முறைமையே அக்கருவியை உறங்கவைக்கின்றது எனக் கருதி, அந்த அனுமதியை அதே இடத்தில் நீக்கிப் பார்க்கலாம். இவை அன்றி உடற்குறை ஒன்றும் உண்டு. பல மடிக்கணினிகளில் வானொலி உணரி திரையின் விளிம்பினுள் வைக்கப்பட்டிருக்கும். அதிலிருந்து வரும் மெல்லிய கம்பி பிணைச்சலின் ஊடாகவே உடற்பகுதிக்குச் செல்கின்றது. திரையைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அக்கம்பி வளைகின்றது. திரையைச் சாய்க்கும் கோணத்துக்கேற்ப அலையின் வலு ஏறியிறங்குமாயின், மென்பொருளிற் காரணம் தேடுதல் பயனின்று.

இனி இடைவெளியைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். மின்காந்த அலைகள் உண்டென்பதை 1888 வாக்கில் ஹேட்ஸ் என்னும் செருமானிய அறிஞர் ஆய்வுகூடத்திற் காட்டினார். அடுத்த பத்தாண்டினுள் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் மில்லிமீற்றர் அளவான அலைநீளமுடையவற்றை ஆராய்ந்தார். வீட்டு வலையிற் பயன்படுவன அக்குடும்பத்தைச் சேர்ந்த சற்று நீண்ட அலைகளே: 2.4 கிகா ஹேட்ஸ் மீடிறனுடையதன் அலைநீளம் ஏறத்தாழ 12½ சென்ரிமீற்றர். 5 கிகா ஹேட்ஸ் மீடிறனுடையதன் அலைநீளம் ஏறத்தாழ 6 சென்ரிமீற்றர். 1985இல் அமெரிக்கா இத்தகைய மீடிறன்கள் சிலவற்றை உரிமப்பத்திரமின்றிப் பயன்படுத்த இடமளித்தது, 1997இல் 802.11 என்னும் நியமம் வெளிவந்தது. உரிமம் வேண்டாத நிலம் பொதுக் குளம் போன்றது. எவரும் இறங்கலாம், ஆதலின் எவரும் கலக்கலாம். அயல்வீட்டு வலைகளும், புளூடூத் கருவிகளும், 2.45 கிகா ஹேட்ஸ் அளவில் உணவைச் சூடாக்கும் நுண்ணலை அடுப்பும் அக்குளத்திலேயே இறங்குகின்றன. மதிய உணவு நேரத்தில் மட்டும் இணைப்புத் தளருமாயின் அடுப்பை ஐயுறுதல் தகும்.

அலையின் வலு எத்துணை மென்மையது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தோர் வியப்பர். வழிப்படுத்தியிலிருந்து 100 மில்லிவாற்று அளவிற் புறப்படுவது, இரண்டோர் அறை கடந்து மடிக்கணினியை அடையும்போது மறை 70 டெசிபெல்–மில்லிவாற்று, அஃதாவது ஒரு மில்லிவாற்றின் கோடியில் ஒரு கூறு, ஆக இருக்கலாம். அதனைக் கொண்டும் கணினி பேசுகின்றது. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் வலு நாலிலொன்றாகும். சுவரும் நீரும் உலோகமும் இடையிட்டால் மேலும் குறையும். இரும்பு அலுமாரிக்குப் பின்னே, தரையோடு தரையாக வழிப்படுத்தியை வைத்துவிட்டு நிறுவனத்தைக் குறைகூறும் வீடுகள் பல. 5 கிகா ஹேட்ஸ் விரைவு மிக்கது, ஆயின் சுவர் கடத்தலில் மெலிந்தது, 2.4 கிகா ஹேட்ஸ் விரைவு குறைந்தது, ஆயின் நெடுந்தூரம் செல்வது. தொலைவறையிற் படிப்போருக்குப் பின்னையதே உற்ற துணை.

வலையின் பெயர் தொலைபேசியில் தோன்றி, மடிக்கணினியில் மட்டும் தோன்றாதிருப்பதும் உண்டு. பழைய கணினிகள் சில 5 கிகா ஹேட்ஸ் அலையை அறியா. மற்றொரு காரணம் யாழ்ப்பாணத்து வீடுகளுக்குச் சிறப்பாகப் பொருந்துவது. 2.4 கிகா ஹேட்ஸ் பரப்பு எண்ணிட்ட பல தடங்களாக வகுக்கப்பட்டுள்ளது. வட அமெரிக்காவில் வழக்கிலுள்ளவை 1 முதல் 11 வரை. வேறு நாடுகள் பலவற்றில் 13 வரை உண்டு. கனடாவிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்த மடிக்கணினி, இங்கு 12ஆம் அல்லது 13ஆம் தடத்திற் பேசும் வழிப்படுத்தியைக் காணாமலே போகலாம். வழிப்படுத்தியின் அமைப்பிற் சென்று 1, 6, 11 என்னும் ஒன்றோடொன்று மோதாத தடங்களுள் ஒன்றைத் தெரிந்தமைத்தால் அவ்வலை அதற்குப் புலப்படும்.

பெயர் தோன்றியும் உள்ளே விடாவிடின், கடவுச்சொல்லை நோக்குதல் வேண்டும். கடவுச்சொல் வெளியில் அனுப்பப்படுவதில்லை. இரு பக்கத்தாரும் அதிலிருந்து திறவுகோல் ஒன்றைத் தனித்தனியே ஆக்கி, இரண்டும் ஒத்துள்ளனவா என்பதை மட்டும் ஒருவருக்கொருவர் மெய்ப்பித்துக்கொள்வர். ஒவ்வாதவிடத்துக் கணினி, 'இவ்வலையோடு இணைய முடியவில்லை' என்று பொதுப்படச் சொல்லி அமைவதுண்டு. கடவுச்சொல் பிழை என்று சொல்லாது. வழிப்படுத்தியிற் கடவுச்சொல் மாற்றப்பட்டிருக்க, கணினி பழையதையே நினைவில் வைத்து மீண்டும் மீண்டும் முயல்வதே பெரும்பாலும் காரணம். அவ்வலையை 'மறந்துவிடு' எனக் கட்டளையிட்டுப் புதிதாகச் சேர்த்தல் அதற்குத் தீர்வு. 2018இல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 என்னும் காப்புமுறையை மட்டும் ஏற்குமாறு வழிப்படுத்தி அமைக்கப்பட்டிருந்தால், பழைய கணினி நுழையமாட்டாது, டபிள்யூ.பி.ஏ.2ஐயும் ஏற்குமாறு அதனைக் கலப்பு நிலையில் வைத்தல் போதும். இடர்ப்பாடு தீரட்டும் என்று காப்பையே நீக்கிவிடுவதும், 2001லேயே உடைக்கத்தக்கதென மெய்ப்பிக்கப்பட்ட டபிள்யூ.இ.பி. முறைக்குத் திரும்புவதும், சாவி தொலைந்ததற்காகக் கதவைக் கழற்றிவிடுவதை ஒக்கும்.

ஒப்புதல் கிடைத்தபின் கணினிக்கு வேண்டுவது முகவரி. ஐ.பி. முகவரி என்னும் இவ்வெண்தொகுதியை வழிப்படுத்தி குறித்த காலத்துக்குக் குத்தகையாகக் கொடுக்கின்றது. வீடுகளில் அது பெரும்பாலும் 192.168 எனத் தொடங்கும். விண்டோஸ் கணினியின் கட்டளைச் சாளரத்தில் 'ஐ.பி.கொன்பிக்' என்னும் கட்டளையை ஆங்கில எழுத்தில் இட்டால், தற்போதுள்ள முகவரி தெரியும். அது 169.254 எனத் தொடங்குமாயின், கணினி கேட்டும் எவரும் முகவரி தரவில்லை. ஆதலின் தனக்குத் தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்பது பொருள். திரையில் 'இணைக்கப்பட்டது' என்றே எழுதியிருக்கலாம். ஆயினும் அவ்வெண்ணைக் கொண்டு வீட்டுக்கு வெளியே ஓரடியும் வைக்க முடியாது. அதே கட்டளையுடன் 'ரிலீஸ்', 'ரினியூ' என்னும் சொற்களைச் சேர்த்து முறையே இட்டால், பழைய குத்தகையைத் துறந்து புதியதைக் கேட்கும். 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிகழ்ந்த காலத்தை இங்கு நினைவுகூரலாம். மின்சாரம் போனதும் வழிப்படுத்தி அணைய, மடிக்கணினி தன் மின்கலத்தால் விழித்திருக்கும். மீண்டெழுந்த வழிப்படுத்திகள் சில, முன் கொடுத்த குத்தகைகளை மறந்து, அதே எண்ணை வேறொரு கைத்தொலைபேசிக்கு வழங்குதலும் கூடும். ஒரே காணிக்கு இரண்டு உறுதி எழுதியதுபோல் இருவருக்கும் வழக்கு உண்டாகும். மின்சாரம் வந்தபின் கணினியின் வைபையை ஒருமுறை நிறுத்தி இயக்குதல் அவ்வழக்கைத் தீர்க்கும்.

முகவரி செம்மையாக இருந்தும் பக்கம் திறவாவிடின், 'பிங்' என்னும் சிறு நிரல் கைகொடுக்கும். 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்னும் அமெரிக்கர் அதனை எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் ஒலிக்கருவியின் ஓசையே அதற்குப் பெயராயிற்று. ஒரு முகவரிக்கு அழைப்பொன்றை விடுத்து, எதிரொலி மீள எடுக்கும் நேரத்தை அது அளக்கின்றது. முதலில் வழிப்படுத்தியின் முகவரியை அழைக்க. அதனை முன்சொன்ன கட்டளையின் விடையில் 'கேற்வே' என்னும் வரியிற் காணலாம். மறுமொழி வருமாயின் வீட்டினுள் யாவும் நலம். பின்னர் 8.8.8.8 என்னும் வெளி முகவரியை அழைக்க. அதற்கும் வருமாயின் வெளி இணைப்பும் நலம். அதன்பின் ஏதேனும் ஒரு தளத்தின் பெயரை அழைக்க. எண்ணுக்கு மறுமொழி வந்து பெயருக்கு வாராவிடின், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். ஏற்பாட்டிலேயே குறை உள்ளது. வழிப்படுத்தி தந்த டி.என்.எஸ். முகவரிக்குப் பதிலாக 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்பதைக் கணினியில் இட்டுப் பார்த்தால் அத்துணிபு உறுதிப்படும். இச்சோதனையில் ஒன்றை மறத்தலாகாது. மறுமொழி வந்தமை வழி உண்டென்பதற்கு ஐயமற்ற சான்று. வாராமையோ வழியின்மைக்கு முழுச் சான்றன்று. அழைப்பைக் கேட்டும் வாய் திறவாதவாறு அமைக்கப்பட்ட கணினிகள் பல உள. ஆதலின் ஒரு முகவரியின் மௌனத்தைக் கொண்டு தீர்ப்புக் கூறாது, வேறொன்றையும் அழைத்துப் பார்த்தல் வேண்டும்.

பிங் மூன்றுக்கும் மறுமொழி வந்து, தளங்கள் மட்டும் 'பாதுகாப்பற்றது' என அச்சுறுத்தித் திறவாதிருக்கும் விந்தையும் நிகழும். அப்போது திரையின் மூலையிலுள்ள திகதியை நோக்குக. இக்காலத் தளங்கள் தம்மை மெய்ப்பிக்கக் காட்டும் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினியின் நாட்காட்டி பல ஆண்டுகள் பின்தங்கியிருந்தால், அதன் கண்ணுக்கு இன்றைய சான்றிதழ் யாவும் இன்னும் பிறவாதவை. பழைய மடிக்கணினிகளில் நேரத்தைக் காக்கும், நாணயம் போன்ற சிறு மின்கலம் ஓய்ந்துபோவதே காரணம். வலையின்மீது சுமத்தப்பட்ட குற்றம் மணிக்கூட்டினுடையதாக முடியும். திகதியைத் திருத்தினால் இணையம் மீளும். மின்கலத்தை மாற்றினால் திருத்தம் நிலைக்கும். அலுவலகத் தேவைக்காக முன்னர் இட்டு மறந்துபோன வி.பி.என்., புறொக்சி ஆகியனவும் இவ்வாறே வலைக்குப் பழி தேடித் தருவன.

வழிப்படுத்திக்கு மறுமொழி வந்து, வெளி முகவரிகள் எதற்கும் வாராது, டேட்டா நிறுத்திய கைத்தொலைபேசியும் இயங்காதாயின், வீட்டார் செய்யத்தக்கது சிறிதே. பெட்டியை அணைத்து மீள இயக்கிப் பார்த்து, கட்டணம் செலுத்தப்பட்டுள்ளதா என்பதையும் உறுதிப்படுத்திக்கொண்டு நிறுவனத்தை அழைத்தல் வேண்டும். அப்போது 'இணையம் வேலை செய்யவில்லை' என்று மட்டும் கூறாது, எந்த முகவரிக்கு மறுமொழி வந்தது, எதற்கு வரவில்லை, எத்தனை கருவிகளில் சோதிக்கப்பட்டது என்பவற்றைச் சொன்னால், மறுமுனையில் இருப்பவர் அவற்றை மீளச் செய்யுமாறு கேட்கும் நேரம் மீதமாகும். ஒளிநார் இணைப்புள்ள வீடுகளில் பெட்டியின் எல்.ஓ.எஸ். விளக்குச் சிவப்பாக எரிந்தால், ஒளியே வந்து சேரவில்லை என்பது பொருள். கதவிடுக்கில் நசிந்தோ, ஆணியிற் கூர்மையாக மடிந்தோ நார் ஒளியைக் கசியவிட்டிருக்கலாம். மடிப்பை மெல்லத் தளர்த்தி விளக்கை நோக்கலாம். நாரைக் கழற்றி, ஒளி வருகின்றதா என அதன் முனையைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தல் மட்டும் ஆகாது. அவ்வொளி செந்நிறக்கீழ் வகையினது. வந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.